உப்புப் போடுவதற்கு முன்

டெஸ்மன் தன் மனைவியின் புழுக்களைக் கொன்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு. பக்கத்தில் இருபத்தேழு பேர் நின்றார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. சிலர் அழுதார்கள். இரண்டு பேர் கைபேசியில் படம் பிடித்தார்கள். ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ மந்திரமும் சொல்லப்பட்டது.

அன்று அவர் மனைவி மேர்சி இறந்த முப்பத்தோராம் நாள்.

டெஸ்மனுக்கு அறுபத்திரண்டு வயது. மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்தவர். ஆக்லாந்தில் இருபத்தொரு வருடம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். எதையும் நிமிடக் கணக்கில் சொல்வது அந்த வேலை விட்டுப்போன பழக்கம். மேர்சியின் மூச்சு நின்றது காலை ஆறு நாற்பத்திரண்டு என்பார். தாதி வந்து பார்த்தது ஆறு நாற்பத்தாறு.

மேர்சி ஒனிஹங்காவில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். அங்கே தினமும் இரண்டு பெரிய வாளி நிறையக் காய்கறித் தோல் குப்பைக்குப் போனது. கரட் தோல், பூசணித் தோல், முட்டைக்கோவா இலை. அதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மனுகாவ்வில் இருந்த வீட்டை விற்று, தெற்கே ட்ரூரி தாண்டி இரண்டு ஏக்கர் காணியும் ஒரு பழைய மரவீடும் வாங்கிய பிறகு, அந்த வாளிகள் மேர்சியோடு காரில் வரத் தொடங்கின. கோடையில் அவள் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவாள்.

"என்ரை பஸ்ஸில இதோட ஏறினா உம்மை இறக்கி விட்டிடுவன்," என்பார் டெஸ்மன்.

"இறக்குங்கோ. நீங்கள் டிப்போவுக்குப் போறதுக்குள்ள புழு நடந்தே வீட்டுக்குப் போயிடும்."

முதல் புழுக்கள் அடுத்த காணியிலிருந்து வந்தன. அங்கே குதிரை வளர்க்கும் வெள்ளைக்காரப் பெண் மார்கரெட், ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு கைப்பிடி கொடுத்தாள். சிவப்பில் மெல்லிய மஞ்சள் வரி ஓடும் புழுக்கள். தோட்டத்து மண்ணைத் தோண்டினால் வருகிற பெரிய மண்புழு வேறு. இவை குப்பையிலேயே பிறந்து குப்பையிலேயே வாழ்கிறவை. வீடு இடிக்கிற இடமொன்றில் கிடந்த பழைய குளியல் தொட்டியை மேர்சி காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தாள். செங்கல் அடுக்கி அதன் மேல் லேசான சாய்வில் வைத்தாள். கிழித்த அட்டைப்பெட்டி, பழைய பேப்பர், குதிரைச் சாணம், அதன்மேல் காய்த்தோல், அதற்கும் மேலே ஈரமான கம்பளித் தரைவிரிப்பு, கடைசியாக ஒரு பலகை. தண்ணீர் போகும் துளைக்குக் கீழே ஒரு வாளி. அதில் சொட்டுகிற கறுப்புத் தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தக்காளிக்கு ஊற்றினாள்.

ஒரு தொட்டி மூன்றானது. அவற்றுக்குப் பெயரும் வந்தது. பெரியவன், நடுவிலான், கடைக்குட்டி. பின்னேரம் வேலையால் வந்ததும், காலணி கழற்ற முன்னமே, "பிள்ளையளுக்குச் சாப்பாடு வச்சிட்டு வாறன்" என்று போவாள். உள்ளே இருக்கிற ஒரே பிள்ளை ஜனுஷா அப்போது உயர்தர வகுப்பில். "வாட் அபவுட் மீ?" என்று சன்னலால் கத்துவாள்.

அந்த வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரம் கிடையாது. மழைத் தொட்டித் தண்ணீர்தான் குடிக்க, குளிக்க. கிழிந்த பெட்ஷீட் தலையணை உறையாகும், தலையணை உறை பாத்திரம் துடைக்கிற துணியாகும், அந்தத் துணி நைந்தால் புழுத் தொட்டிக்குப் போகும். மற்ற வீடுகள் வாராவாரம் உருட்டிக்கொண்டு போகிற குப்பைத் தொட்டியை இந்த வீடு ஆறு கிழமைக்கு ஒருமுறை உருட்டியது. மேர்சிக்கு அதில் பெருமை. திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது வீட்டு விலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று கதைத்தால், அவள் தன் குப்பைத் தொட்டியைப் பற்றிக் கதைப்பாள். கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவில் புழு கொடுப்பாள்.

டெஸ்மன் இதையெல்லாம் கேலி செய்தார். தொட்டி தூக்கக் கை கொடுத்தார், பலகை அறுத்துக் கொடுத்தார். மூடியை மட்டும் திறந்ததில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட.

போன வருடம் மேர்சிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டு மாதத்தில், வீட்டில் வளர்த்த கோழிகளை மார்கரெட்டிடம் கொடுத்தார்கள். புழுக்களை மேர்சி கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து, "இஞ்சேருங்கோ, பிள்ளையளுக்குப் பசிக்கப் போகுது," என்றாள்.

"ஜனுஷாவுக்கோ? அவள் கீழ கன்டீன்ல."

"அவளுக்கில்லை. தொட்டியில இருக்கிறவைக்கு."

"நான் பாக்கிறன்."

"மூடியே திறக்க மாட்டீங்கள்."

"திறப்பன். சொல்லும், எழுதிறன்."

அவள் சொல்லச் சொல்ல அவர் கைபேசியில் எழுதினார். வெங்காயம் கனக்கப் போடக் கூடாது. தேசிக்காய்த் தோல் வேண்டாம், புளிப்பு ஆகாது. தண்ணீர் அளவோடு. கம்பளி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். பிறகு மேர்சி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "பட்டினி போட்டிடாதேங்கோ," என்றாள். அதையும் ஐந்தாவதாக எழுதினார்.

உப்பு அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாததற்குக் காரணம் எளியது. மேர்சியின் தொட்டிகளுக்குப் போனதெல்லாம் சமைப்பதற்கு முந்திய தோலும் காம்பும். சமைத்து மிஞ்சியது கோழிக்குப் போகும். ஒன்பது வருடத்தில் உப்பு அந்தத் தொட்டிகளுக்குள் போனதே இல்லை. போகாத ஒன்றைப் பற்றி எச்சரிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் டெஸ்மன் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் புழுக்களுக்குச் சாப்பாடு வைத்தார். காலை ஏழு பத்துக்கு. பூசணித் தோலைச் சின்னச் சின்னதாக வெட்டினார். பழக்கமில்லாத கை, அரை மணி நேரம் பிடிக்கும். மூடியைத் திறந்து, கம்பளியைத் தூக்கி, வரி வரியாக நெளிகிறவற்றைப் பார்த்து, "எப்பிடியடா சுகம்?" என்று கேட்டுவிட்டு மூடுவார்.

முப்பத்தோராம் நாளுக்குத் திருப்பலி முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். கோயில் பங்கில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு கறியாகச் சமைத்துக்கொண்டு வந்திருந்தன. சோறு, ஆட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், கீரை, சம்பல், ஊறுகாய். ஒழுங்குபடுத்தியது சுதர்ஷிகா. மனுகாவ்வில் பல்வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறவள், மேர்சியின் நெருங்கிய சிநேகிதி. எல்லாரும் சாப்பிட்டு முடிய, சோறும் மரக்கறிகளும் பாதிக்கு மேல் மிஞ்சின.

"இறைச்சி மட்டும் ஒரு செத்தவீட்டிலயும் மிஞ்சினதா சரித்திரம் இல்லை," என்றாள் சுதர்ஷிகா சட்டியைச் சாய்த்துப் பார்த்து. "அண்ணை, இதெல்லாத்தையும் என்ன செய்யிறது? பின்னில போடவோ?"

பின் என்றால் குப்பைத் தொட்டி. டெஸ்மன் நிமிர்ந்து பார்த்தார்.

அவர் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவர் பெயரில் கொடுத்த சாப்பாடு குப்பைக்குப் போகக் கூடாது. மிஞ்சினால் நாய், காகம், கோழி, ஏதாவது ஒரு உயிருள்ள வாய்க்குப் போக வேண்டும். இங்கே நாய் இல்லை. கோழியும் இல்லை. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"தங்கச்சி, வாளியள எடும்," என்றார். "மேர்சின்ர சாப்பாடு. மேர்சின்ர பிள்ளையள் சாப்பிடட்டும்."

சுதர்ஷிகா அங்கேயே அழத் தொடங்கினாள். நான்கு வாளிகள் நிரம்பின. வந்தவர்கள் எல்லாரும் வரிசையாகப் பின்வளவுக்குப் போனார்கள். வெலிங்டனிலிருந்து வந்திருந்த ஜனுஷா இரண்டாவது வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். டெஸ்மன் ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். சோற்றைப் பரப்பி, அதன்மேல் பருப்பு, பால்கறி, சம்பல் என்று ஊற்றினார். கடைசி வாளிக்கு முன் ஜனுஷா, "அப்பா..." என்றாள்.

"என்ன பிள்ளை?"

"நதிங்," என்றாள் அவள். வாளியைக் கொடுத்தாள்.

அன்று பின்னேர விமானத்தில் ஜனுஷா வெலிங்டனுக்குத் திரும்பினாள். அங்கே அவள் பிசியோதெரபிஸ்ட்.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு டெஸ்மன் பெரியவனின் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பலகையின் அடிப்பக்கம் முழுக்கப் புழு. தொட்டியின் விளிம்பில் கயிறு திரித்ததுபோல் புழு. செங்கலில், புல்லில், எங்கும். இத்தனை புழுக்கள் இருந்தன என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். உள்ளேயிருந்து இளஞ்சூடாக ஆவி வந்தது. அவர் கைபேசியை எடுத்து வீடியோ பிடித்தார். பிடிக்கும்போதே வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"பார் பிள்ளை, அம்மாவின்ர விருந்துக்கு எல்லாரும் மேல ஏறி வந்திருக்கினம். இடம் பத்தேல்லை!"

ஏழு பதினெட்டுக்கு அதை மகளுக்கு அனுப்பினார். ஏழு இருபதுக்கு ஒரு சிவப்பு இதயம் பதிலாக வந்தது.

மைனாக்கள் அன்று முழுவதும் அந்தப் புல்லில் நின்றன. புதன்கிழமை நாற்றம் வேலி தாண்டியது. மார்கரெட் வந்தாள், மூடியைத் தூக்கினாள், முகத்தைத் திருப்பினாள். என்ன போட்டாய் என்று கேட்டாள். டெஸ்மன் ஒவ்வொரு கறியாகச் சொன்னார். ஊறுகாய் வரை சொல்லி முடித்ததும் அவள் கையை வாயில் வைத்துக்கொண்டு, "உப்பு," என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

புழுவுக்கு மூக்கில்லை. அது தோலால் மூச்சு விடுகிறது, தோல் ஈரமாக இருந்தால்தான் மூச்சு. உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். மிளகாயும் புளியும் எண்ணெயும் சேர்ந்தால் தோல் எரியும். அவ்வளவு சோறு ஒரே இடத்தில் நொதித்தால் தொட்டியே அடுப்புப்போல் சூடாகும். திங்கட்கிழமை காலை அவை விருந்துக்கு ஏறி வரவில்லை. தப்பி ஓடிக்கொண்டிருந்தன.

மார்கரெட் போன பிறகு டெஸ்மன் மூன்று தொட்டியையும் கவிழ்த்தார். எல்லாவற்றையும் வேலியோரம் ஆழக் குழி வெட்டிப் புதைத்தார். ஹோஸ் பிடித்துக் கழுவினார். நாற்றம் போகவில்லை. சமையலறையிலிருந்து பிளீச் கொண்டுவந்து ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்து, மறுபடியும் கழுவினார். கம்பளியை எரித்தார். யாராவது வந்து பார்த்தால்? அந்த ஒரு நினைப்புத்தான். மாலைக்குள் மூன்று தொட்டியும் வெள்ளை வெளேரென்று வெயிலில் காய்ந்தன.

ஜனுஷா ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு அழைப்பாள். "புழு எப்பிடி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

"நல்லா இருக்கினம்," என்றார் டெஸ்மன்.

ஏழு ஞாயிறு இப்படிப் போனது. மே மாத நடுவில் ஒரு ஞாயிறு, ஜூன் தொடக்கத்தில் வரும் நீண்ட வார இறுதிக்கு வருவதாகச் சொன்னாள். தன் ஃப்ளாட் பால்கனிக்குச் சின்னப் புழுப்பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாளாம். "அப்பா, அம்மாவின்ட புழு ஒரு ஹேண்ட்ஃபுல் எனக்கு வேணும். தருவீங்களா?"

"ஓம் பிள்ளை. அதுக்கென்ன."

அழைப்பைத் துண்டித்த பிறகு சுவர்க் கலண்டரில் எண்ணினார். இருபது நாள்.

மார்கரெட்டிடம் இப்போது புழு இல்லை. மேர்சி கொடுத்த டப்பாக்கள் ஆக்லாந்து முழுக்கப் போயிருந்தன. அவற்றில் ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கைப்பிடியிலிருந்து வந்த கைப்பிடி என்றால் அது மேர்சியின் புழுதானே? நினைவிருந்தது ஐந்து பேர். மூன்று பேருக்கு அழைத்தார். ஒருவர் மெல்பேர்ண் போய்விட்டார். ஒருவர் ஒரு கோடையோடு எல்லாம் செத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எப்சமில் இருக்கும் ஒருவர், மகளின் பரீட்சைக் காலத்தில் நாற்றம் என்று தூக்கிப் போட்டாராம். மிஞ்சியது இரண்டு பேர்.

சுதர்ஷிகாவின் வீட்டுக்கு நேரே போனார். அவள் கதவைத் திறந்து, தேத்தண்ணி வைத்து, கால்மணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தாள். டெஸ்மன் புழுவைப் பற்றிக் கேட்டதும் நிறுத்தினாள்.

"அண்ணை... கோவிக்கக் கூடாது."

"இல்லை. சொல்லும்."

"நான் அதைக் கராஜுக்கு வெளியில, கொங்கிரீட்டில வச்சிட்டன். டிசம்பர் வெயில். ரெண்டு நாள்ல முடிஞ்சுது. மேர்சி அக்கா கேக்கிற நேரமெல்லாம் 'நல்லா இருக்கினம் அக்கா, குண்டாகிட்டினம்' எண்டு சொல்லிக்கொண்டே வந்தன்." கண்ணைத் துடைத்தாள். "அந்த டப்பாவிலதான் இப்ப தோசை மா வைக்கிறன்."

டெஸ்மனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்ன பொய்யும் தான் சொல்கிற பொய்யும் ஒரே சொற்கள்.

"சாகேக்க அவவுக்குத் தெரியாதுதானே அண்ணை?"

"தெரியாது," என்றார்.

"உங்கட தொட்டியில இருந்து எனக்கு இன்னொருக்காத் தாங்கோ. இந்த முறை நல்லாப் பாப்பன்."

"பாப்பம்," என்று எழும்பினார். மேசையில் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

கிளாராவை ஒனிஹங்காவில் போய்ப் பார்த்தார். மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவள், மேர்சியோடு அதே முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. வேலை முடிகிற இரண்டு மணிக்கு வாசலில் நின்றார்.

"வாங்கண்ணே! சாப்டீங்களா? எளைச்சுப் போயிட்டீங்களே."

இல்லத்தின் பின்பக்கம் ஒரு குப்பைக் குவியல் வைத்திருந்தாள் கிளாரா, மேர்சி கொடுத்த புழுக்களோடு. நன்றாகத்தான் இருந்தது. போன வசந்தத்தில் அந்த இடம் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டார்கள்.

"காரு நிறுத்த எடம் பத்தலையாம். நான் லீவுல இருந்தேன். வந்து பாக்குறேன், வெள்ளக் கோடு போட்டு நம்பர் எழுதியிருக்கான். ஏண்ணே, ஒங்ககிட்டதான் மூணு தொட்டி இருக்கே?"

டெஸ்மன் சொன்னார். யாருக்கும் சொல்லாததை, புதிய சிமெண்டின் மேல் நின்றுகொண்டு, முழுவதும் சொன்னார். கிளாரா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஐயோ," என்றாள் முடிவில். "செத்தது செத்துப் போச்சு. முட்டை இருந்திருக்குமேண்ணே?"

"என்ன முட்டை?"

"புழு முட்டை. கடுகவிட கொஞ்சம் பெரிசா, எலுமிச்சம்பழம் மாதிரி ஷேப்பு. மஞ்சளா இருக்கும். பெரிசுங்க செத்தாலும் அது சாமானியமா சாவாது. நல்லா தண்ணி விட்டு உப்பக் கழுவிட்டு, ஈரமா சும்மா போட்டு வச்சிருந்தீங்கன்னா, ரெண்டு மாசத்துல குட்டி குட்டியா வந்திருக்கும். அப்படியே வச்சிருக்கீங்களா?"

டெஸ்மன் காலடியில் இருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

"அண்ணே?"

"நான் தாட்டுப்போட்டன். தொட்டியைப் பிளீச் போட்டுக் கழுவிப்போட்டன்."

கிளாரா தன் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். "சரி விடுங்கண்ணே. தோட்டச் சாமான் கடையில பெட்டி பெட்டியா விக்கிறான் லா. அதே சாதிதான். வாங்கிப் போடுங்க. மேர்சின்னு ஸ்டிக்கரா ஒட்டியிருந்திச்சு புழுவுல? பாப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

காரை ஒனிஹங்கா ரயில் நிலையத்துக்கு எதிரே நிறுத்தியிருந்தார். ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் இருந்தார். அரை மணிக்கு ஒரு ரயில். இரண்டு ரயில் போன பிறகே அங்கிருந்து கிளம்பினார்.

வேலியோரக் குழியை அடுத்த நாள் தோண்டினார். இரண்டு மாத மழையில் அது களியாக இறுகிக் கிடந்தது. ஒரு கிண்ணம் அள்ளி, சன்னலோரம் வைத்து, மேர்சியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியால் கிளறினார். மஞ்சளாக எதுவும் இல்லை. இரண்டாவது கிண்ணத்திலும் இல்லை. ஆறாவது கிண்ணத்தோடு விட்டார்.

சனிக்கிழமை கடைக்குப் போனார். பெட்டியில் ஆயிரம் புழு என்று எழுதியிருந்தது. கூடவே செங்கல்போல் அழுத்திய தேங்காய்நார்த் தும்புச்சோறும் தந்தார்கள். தண்ணீரில் ஊறவைத்தால் பொங்கும், அதுதான் படுக்கை. கடைக்குட்டியைக் கழுவி எல்லாம் போட்டு மூடினார். மற்ற இரண்டு தொட்டிக்கும் பலகை மட்டும் வைத்து மேலே கல் வைத்தார், யாரும் திறக்காதபடி. அந்த இரண்டும் குளிருக்கு உறங்குகின்றன என்று சொல்லலாம். சொல்லியும் பார்த்தார், தனியாக, சமையலறையில் நின்று.

ஜனுஷா அடுத்த சனிக்கிழமை பதினொன்று இருபது விமானத்தில் வந்தாள். தூறல். வீட்டுக்கு வந்ததும், காலணி கழற்ற முன்னமே, பின்வளவுக்குப் போனாள். டெஸ்மன் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மூடியில் ஊசியால் துளை போட்டு வைத்திருந்தார்.

கல் வைத்திருந்த இரண்டு தொட்டியையும் அவள் பார்த்தாள். அவற்றைத் தாண்டி நடந்தாள். கடைக்குட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே பழுப்பு நிறத் தும்பு. கையை விட்டுக் கிளறினாள்.

"இது என்ன, அப்பா?"

"தும்புச்சோறு. புதுசாப் போட்டனான்."

"அம்மா பேப்பர்தானே போடுவா." இன்னும் கிளறினாள். விரல்களில் நாலைந்து புழு ஏறின. "எல்லாம் ஒரே சைஸ். பேபி ஒண்டும் இல்லை."

"குளிருக்கு உள்ளுக்க போயிருக்கும்."

அவள் தலையாட்டினாள். டப்பாவை வாங்கித் தரையில் வைத்தாள். இரண்டு கையாலும் தும்போடு ஒரு பிடி அள்ளினாள், அவ்வளவு கவனமாக, நோயாளியின் காலைத் தூக்குகிற மாதிரி. டப்பாவில் வைத்தாள். மூடியை எடுத்தாள்.

"பிள்ளை, அதை மூடாதை," என்றார் டெஸ்மன். "அது அம்மாவின்ர இல்லை."

மூடி அவள் கையில் நின்றது.

"கடையில வாங்கினது. அம்மாவின்ர எல்லாம் செத்துப்போச்சு. நான்தான். அண்டைக்கு அந்தச் சாப்பாட்டைப் போட்டு... உப்பு. எனக்குத் தெரியேல்லை. பிறகு முட்டையும் இல்லாமல் கழுவிப்போட்டன்."

"ஐ நோ," என்றாள் ஜனுஷா.

"என்ன?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். இங்கே பிறந்த பிள்ளை; அவசரத்துக்கு வருவது ஆங்கிலம். இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னாள். "உப்பு கூடாது எண்டு அம்மா சொல்லியிருக்கிறா. முந்தி ஒரு நாள். நான் சிப்ஸ் போடப் போனேன், கையில அடிச்சா. அண்டைக்கு வாளி தூக்கும்போது நினைவு வந்தது. ஆனா ஷுவர் இல்லை. எல்லாரும் அழுதிட்டு நிண்டவை. நீங்க... ஹாப்பியா இருந்தீங்க."

"வீடியோ அனுப்பினனே."

"ஓம். அது பார்த்தோடன தெரியும். தே வேர் ரன்னிங் அவே. ஃபோன் எடுத்தேன், உங்களுக்கு அடிக்க. நீங்க அதில சிரிக்கிற சத்தம். பிறகு வேலைக்கும் லேட். ஈவினிங் அடிப்பம் எண்டு நினைச்சேன்." மூடியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். "பிறகு அடிக்கேல்லை. ஒவ்வொரு சண்டேயும் கேட்டேன். நீங்க சொல்லுவீங்க எண்டு."

டெஸ்மன் கணக்குப் போட்டார். திங்கள் காலை ஏழு பதினெட்டு. அள்ளி எறிந்து தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். அன்று முழுப் பகலும் இருந்தது.

"நீ சொல்லியிருக்கலாம்," என்றார். குரல் உயர்ந்தது அவருக்கே கேட்டது. "ஒரு வார்த்தை. ஒரு இதயத்தை அனுப்பிப்போட்டு!"

அவள் அழுதாள். அவர் திரும்பி மழைத்தண்ணீர்த் தொட்டி வரை நடந்து போனார். அதன் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தூறல் வலுத்தது. திரும்பி வந்தபோது ஜனுஷா டப்பாவிலிருந்த புழுக்களைத் தொட்டியில் திரும்பப் போட்டு, கம்பளிக்குப் பதிலாகத் தன் மழைக்கோட்டை அவற்றின்மேல் விரித்திருந்தாள்.

"கம்பளி எங்க?" என்றாள்.

"எரிச்சுப்போட்டன்."

"ஓகே."

உள்ளே போனார்கள். தலை துவட்டினார்கள். வாசல் அறையில் ஐந்து பூசணிக்காய் அடுக்கியிருந்தன. மேர்சி கடைசியாக நட்ட கொடியில் காய்த்தவை, அவள் பார்க்காமல் பழுத்தவை. மூன்றாவதை டெஸ்மன் வெட்டினார். ஜனுஷா தோல் சீவினாள். விதையை ஒரு கடதாசியில் பரப்பினாள். தோலைச் சின்னச் சின்னதாக வெட்டத் தொடங்கியவர், நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"கொஞ்சமாப் போடு. புதுசுகள். ஆயிரம்தான் இருக்கு," என்றார்.

"ம்."

தாச்சியில் பூசணித் துண்டுகள் வெந்தன. தேங்காய்ப்பால் விட வேண்டும், மிளகாய்த்தூள், உப்பு. டெஸ்மன் உப்புப் போத்தலைத் திறந்தார். கையில் எடுத்த உப்பு விரலிடுக்கில் நின்றது. அதைத் திரும்பப் போத்தலில் போட்டார். புழுக்களுக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் எடுத்து, வெந்த பூசணியில் இரண்டு அகப்பை அள்ளி, ஆறுவதற்காகச் சன்னலோரம் வைத்தார். அங்கிருந்து பார்த்தால் மூன்று தொட்டியும் தெரியும். இரண்டில் கல். ஒன்றில் பலகைக்கு வெளியே சிவப்பு மழைக்கோட்டின் கை நீட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பிறகு பாலை விட்டு, தூளைப் போட்டு, இறக்கினார்.

இருவரும் சாப்பிட்டார்கள். ஒன்று ஐம்பதுக்கு. கறியில் உப்பு இல்லை. முதல் வாயிலேயே இருவருக்கும் தெரிந்தது. போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. தட்டு காலியாகும் வரை சாப்பிட்டார்கள்.